சாயங்காலம் வரை பொறுங்கள்!

காரைக்குடியில் சித்திரை மாதத்து உச்சிப்பொழுது. கொல்லையில் பூசணிக்கொடி இலைகளையெல்லாம் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கிறது. "ஐயோ பாவம், தாகம்!" என்று ஆச்சி குடத்தைத் தூக்குகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், ஆச்சி! அது தாகமா, தந்திரமா என்று முதலில் பார்ப்போம்.

செடி தண்ணீர் எடுப்பது, கிணற்றில் நீர் சேந்துவது போலத்தான். இழுக்கிற கை மேலே இருக்கிறது. இலையின் அடிப்புறத்தில் உள்ள நுண்ணிய துவாரங்கள் வழியாக நீர் ஆவியாகப் போகிறது; போனதற்கு ஈடாகக் கீழேயிருந்து நீர் இழுபடுகிறது. கயிறு எங்கே என்கிறீர்களா? நீரின் துகள்கள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால், இலை முதல் வேர் வரை நீரே கயிறு! 1894-ல் டப்ளின் நகரத்து டிக்ஸன், ஜாலி என்ற இரு அறிஞர்கள் இதை எடுத்துச் சொன்னார்கள். வேர் இழுக்கும் நீரில் 100-க்கு 95 பங்குக்கு மேல் இப்படி ஆவியாகவே போய்விடுகிறது.

உச்சி வெயிலில் வரவைவிடச் செலவு அதிகம். ஆகவே இலை தொங்குகிறது. தொங்கிய இலைமேல் வெயிலும் குறைவாகவே விழும். மண் மேலும் காய்ந்தால், செடிக்குள் அப்ஸிஸிக் அமிலம் என்ற பொருள் ஊறி, இலைத் துவாரங்களை மூடிவிடும். நீர் மிச்சம்தான். ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வர முடியாமல் இலையின் சமையல் நின்றுபோகும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்த நமக்கு மட்டுமா தெரியும்? ஆனால் எத்தனை நாள் பட்டினி கிடப்பது?

எனவே, பொழுது சாய்ந்த பிறகு பாருங்கள். இலை தானே நிமிர்ந்துவிட்டால் கவலை இல்லை. விடியற்காலையிலும் வாடிக் கிடந்தால், விரலை மண்ணில் 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் உடனே தண்ணீர் விடுங்கள். சொதசொதவென்று இருந்தால் குடத்தைக் கீழே வையுங்கள். காற்றில்லாமல் வேர் மூச்சுத் திணறுகிறது. இன்னும் ஊற்றினால் அழுகிவிடும்.

இன்னொன்று. தினம் ஒரு கை தெளிப்பது தயவு அல்ல. மேல்மண் மட்டும் நனைவதால் வேரும் மேலேயே தங்கி, முதல் வெயிலில் கருகும். வேர்விட்ட செடிக்குச் சில நாளுக்கு ஒரு முறை ஆழ ஊறும்படி விட்டு, அடியில் சருகு பரப்புங்கள். ஈரம் தேடி வேர் கீழே இறங்கும். நம் சீமைக் கருவேலத்தின் உறவுக்கார மரம் ஒன்று, அமெரிக்காவில் அரிசோனாச் சுரங்கத்தில் 150 அடிக்கும் கீழே வேர் விட்டிருந்ததாம்!

முற்றத்து மழைநீரை அண்டாவில் பிடித்துக் காத்த வீடுகள் நம்முடையவை. பார்த்து ஊற்றினால், செடியும் பிழைக்கும். ஒரு குடம் தண்ணீரும் மிஞ்சும்.