இரவு 11.35-க்கு என்ன ஆச்சு? அமெரிக்க ‘லேட் நைட்’ டிவி சரிந்த கதை

ஸ்டீபன் கோல்பேர், ஜிம்மி கிம்மல், ஜிம்மி ஃபாலன். இவர்களில் ஒருவரையாவது உங்கள் மொபைலில் பார்த்திருப்பீர்கள். டிரம்ப்பைக் கலாய்க்கும் பத்து நிமிடப் பேச்சாக இருக்கலாம், ஹாலிவுட் நடிகர் ஒருவரின் பேட்டியாக இருக்கலாம், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டு வீடியோவாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நிகழ்ச்சியை முழுசாக, டிவியில், அது ஒளிபரப்பாகும் நேரத்தில் பார்த்ததுண்டா? வாய்ப்பு குறைவு. நியூயார்க்கில் இரவு 11.35 மணி என்றால், அங்கே கோடைக் காலத்தில், நமக்குக் காலை 9.05. ஆபீஸுக்கு ஓடுகிற நேரம். நாம் பார்ப்பது எல்லாம் யூடியூபில் வரும் துண்டுகள்தான்.

இப்போது அமெரிக்கர்களில் பெரும் பகுதியினரும் நம்மைப் போலவே பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

2025 ஜூலை 17 அன்று, கோல்பேர் நடத்திய ‘தி லேட் ஷோ’ 2026 மே மாதத்தோடு முடிவுக்கு வரும் என்று சிபிஎஸ் நிறுவனம் அறிவித்தது. தொகுப்பாளரை மாற்றும் முடிவல்ல, 1993-ல் டேவிட் லெட்டர்மேன் தொடங்கிய அந்த நிகழ்ச்சியையே இழுத்து மூடும் முடிவு. இது முழுக்க முழுக்கப் பணம் சார்ந்த முடிவு என்றது சிபிஎஸ். ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டாலர் நஷ்டம் என்று அமெரிக்க ஊடகங்கள் எழுதின. இத்தனைக்கும் அந்த நேரத்தில் வரும் நிகழ்ச்சிகளில் அதுதான் முதலிடம். அறிவிப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் சராசரியாக 24 லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அறிவிப்பு வந்து இரண்டே மாதத்தில் சிறந்த டாக் ஷோவுக்கான எம்மி விருதும் கிடைத்தது.

‘நம்பர் ஒன் நிகழ்ச்சிக்கு எப்படிங்க நஷ்டம் வரும்?’ நியாயமான கேள்விதான்.

விற்றது ஜோக்கை அல்ல, நேரத்தை

அமெரிக்காவின் பழைய டிவி முறையை ஒரு ரயில் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு ஒரு தொடர். அது முடிந்ததும் 11 மணிக்கு உள்ளூர்ச் செய்தி. நாளைக்கு மழை வருமா, எந்த ரோட்டில் விபத்து, உள்ளூர் அணி ஜெயித்ததா என்பதைப் பார்த்துவிட்டு, சேனலை மாற்றச் சோம்பல்பட்டு, அப்படியே 11.35 நிகழ்ச்சிக்கு வருவார்கள். பாதிப் பேர் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவார்கள். ஒரு பெட்டியில் இருப்பவர் அடுத்த பெட்டிக்குத் தானாக வந்துவிடுவார். விளம்பரதாரருக்கு விற்கப்பட்டது அந்த அரைத்தூக்கப் பழக்கம்தான். ஜோக் நன்றாக இருந்தால் கூடுதல் லாபம், அவ்வளவே.

இந்தப் பழக்கத்தின் ராஜா ஜானி கார்சன். 1962 முதல் 1992 வரை, முப்பது ஆண்டுகள் என்பிசி-யின் ‘தி டுநைட் ஷோ’வை நடத்தினார். அவருடைய கடைசி நிகழ்ச்சியைச் சுமார் 5 கோடி பேர் பார்த்தார்கள். கோல்பேரின் 24 லட்சத்தை அதன் பக்கத்தில் வைத்தால், முப்பது ஆண்டுகளில் என்ன கரைந்தது என்பது புரியும். (ஒரு கடைசி நாளையும் சராசரி நாளையும் ஒப்பிடுவது சரியில்லைதான். ஆனாலும் அளவு புரியும்.)

ரயில் எவ்வளவு நுட்பமாகக் கோக்கப்பட்டிருந்தது என்பதை என்பிசி ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டது. 2009 செப்டம்பரில் செலவைக் குறைக்கலாம் என்று நினைத்து, 10 மணி தொடர்களைத் தூக்கிவிட்டு ஜே லெனோவின் காமெடி நிகழ்ச்சியை அந்த நேரத்தில் போட்டார்கள். பார்வையாளர்கள் குறைந்தார்கள். அடி விழுந்தது 11 மணிச் செய்திக்கு. உள்ளூர் நிலையங்கள் வருமானத்துக்கு நம்பியிருப்பது அந்தச் செய்தியைத்தான். அவை கொதித்தெழ, 2010 பிப்ரவரியில் சோதனை முடிந்தது. அந்தக் குழப்பத்தில் கோனன் ஓ’பிரையன் ‘டுநைட் ஷோ’வை விட்டே வெளியேறினார். ஒரு பெட்டி தடம் புரண்டால் பின்னால் வருவதும் கவிழும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

நெட்ஃபிளிக்ஸும் யூடியூபும் வந்த பிறகு, முதல் பெட்டியிலேயே ஆள் இல்லை. 10 மணிக்குத் தொடர் பார்க்க யாரும் காத்திருக்கவில்லை என்றால், 11 மணிச் செய்திக்கும் 11.35 நிகழ்ச்சிக்கும் யார் வருவார்கள்? நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி, 2025 மே மாதம் அமெரிக்க டிவி பெட்டிகளில் பார்க்கப்பட்ட நேரத்தில் 44.8 சதவீதம் ஸ்ட்ரீமிங். வழக்கமான ஒளிபரப்பு 20.1, கேபிள் 24.1. பழைய இரண்டையும் கூட்டினாலும் ஸ்ட்ரீமிங்கைத் தொடவில்லை. அப்படி நடந்தது அதுதான் முதல்முறை. இதில் யூடியூபின் பங்கு மட்டும் 12.5 சதவீதம், நெட்ஃபிளிக்ஸை விட அதிகம். கவனியுங்கள், இது மொபைலைச் சேர்க்காத கணக்கு. ஹாலில் இருக்கும் பெரிய திரையிலேயே இந்த நிலைமை.

பணமும் அதே பாதையில் போனது. பெரிய நெட்வொர்க்குகளின் லேட் நைட் நிகழ்ச்சிகளுக்கு 2018-ல் கிடைத்த விளம்பர வருமானம் சுமார் 43.9 கோடி டாலர். 2024-ல் அது 22 கோடி. ஆறே ஆண்டில் சரிபாதி.

‘யூடியூபில்தான் லட்சக்கணக்கில் வியூஸ் வருதே?’ வருகிறது. ஆனால் அங்கே வரும் விளம்பரப் பணத்தில் யூடியூபுக்கு ஒரு பங்கு போக மிச்சம்தான் கைக்கு வரும். அந்த மிச்சம் பழைய டிவி விளம்பரக் கட்டணத்துக்குப் பக்கத்தில்கூட வராது. செலவோ குறைவதில்லை. காலையில் செய்தி படித்து, மதியத்துக்குள் எழுதி, ஒத்திகை பார்த்து, மாலையில் அரங்கம் நிறைந்த ரசிகர்கள் முன் பதிவு செய்து, அன்றிரவே ஒளிபரப்ப வேண்டும். எழுத்தாளர்கள், இசைக் குழு, கேமரா, எடிட்டிங் என்று ‘லேட் ஷோ’வில் மட்டும் சுமார் 200 பேர் வேலை செய்தார்கள். அதே பிரபலத்தை இரண்டு நாற்காலி, இரண்டு மைக் போட்டு உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசவைக்கும் பாட்காஸ்ட்டுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு ஆள்கூடத் தேவையில்லை. டிவியை விட்டு வெளியேறிய கோனன் இன்று பாட்காஸ்ட்டில் கொடிகட்டிப் பறக்கிறார்.

சரி, பணம்தானா காரணம்? அரசியல் இல்லையா?

2025 ஜூலை தொடக்கத்தில், சிபிஎஸ்-ஸின் தாய் நிறுவனமான பாரமவுண்ட், டிரம்ப் தொடுத்திருந்த வழக்கை முடித்துக்கொள்ள 1.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஜூலை 14 அன்று கோல்பேர் தன் நிகழ்ச்சியிலேயே அதை லஞ்சம் என்று சொன்னார். மூன்றே நாளில் ரத்து அறிவிப்பு. அடுத்த ஒரு வாரத்தில், பாரமவுண்ட் - ஸ்கைடான்ஸ் இணைப்புக்கு அரசின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி அனுமதி கொடுத்தது. சுமார் 800 கோடி டாலர் ஒப்பந்தம் அது.

தேதிகளை வரிசையாக வைத்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆனால் ‘பணமா, அரசியலா’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறான கேள்வி என்பது நம் கருத்து. கார்சன் காலத்து லாபம் கொட்டிக்கொண்டிருந்தால், எந்த முதலாளியும் இந்த நிகழ்ச்சியை எளிதில் கைவிட்டிருக்க மாட்டார். நஷ்டத்தில் இருப்பதால், விட்டுக்கொடுப்பதற்கான விலை குறைந்துவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நஷ்டம் மட்டுமே காரணம் என்றால் முதலில் செலவைக் குறைப்பார்கள். என்பிசி அதைத்தான் செய்தது: 2024-ல் சேத் மேயர்ஸ் நிகழ்ச்சியின் இசைக் குழுவை நீக்கியது, ஃபாலன் நிகழ்ச்சியை வாரம் நான்கு நாளாகக் குறைத்தது. நம்பர் ஒன் நிகழ்ச்சிக்கு அப்படி ஒரு வாய்ப்புகூடக் கொடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

கிம்மல் விவகாரம் இதை இன்னும் வெளிச்சமாகக் காட்டியது. சார்லி கிர்க் கொலையை ஒட்டி அவர் பேசியது சர்ச்சையானது. எஃப்சிசி தலைவர் பிரெண்டன் கார், இதை எளிய வழியிலும் முடிக்கலாம், கடினமான வழியிலும் முடிக்கலாம் என்ற தொனியில் எச்சரித்தார். 2025 செப்டம்பர் 17 அன்று ஏபிசி அவரை நிறுத்திவைத்தது.

இங்கே ஒரு நுணுக்கம். எஃப்சிசி உரிமம் கொடுப்பது ஏபிசி, சிபிஎஸ் போன்ற நெட்வொர்க்குகளுக்கு அல்ல. காற்றில் அலைவரிசையைப் பயன்படுத்தும் உள்ளூர் நிலையங்களுக்கு. அவற்றில் பெரும்பாலானவை வேறு நிறுவனங்களின் கையில். ஏபிசி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் அறுபதுக்கும் மேற்பட்ட நிலையங்களை நெக்ஸ்டார், சின்கிளேர் என்ற இரண்டு நிறுவனங்கள் மட்டுமே வைத்திருக்கின்றன. இரண்டும் கிம்மலைப் போட மறுத்தன. அந்த நேரத்தில் நெக்ஸ்டார், 620 கோடி டாலருக்கு இன்னொரு டிவி நிறுவனத்தை வாங்க எஃப்சிசி-யின் அனுமதிக்குக் காத்திருந்தது.

எதிர்ப்பு வலுக்க, ஆறு நாளில் கிம்மல் திரும்பினார். பல நகரங்களில் நிகழ்ச்சி தெரியாத நிலையிலும், அன்றிரவு டிவியில் சுமார் 62 லட்சம் பேர் பார்த்தார்கள். அதே பேச்சு யூடியூபில் ஒரு கோடியைத் தாண்டியது. உள்ளூர் நிலையம் மறுத்தால் என்ன, மொபைல் இருக்கிறதே!

அப்போ ஓடிடி-யில் பேசினால் பயமில்லையா?

அப்படி நம்பத்தான் ஆசை. அனுபவம் வேறு மாதிரி. அமெரிக்க இந்தியரான ஹசன் மின்ஹாஜ் நெட்ஃபிளிக்ஸில் நடத்திய ‘பேட்ரியாட் ஆக்ட்’டில், சவுதி இளவரசரை விமர்சித்த பகுதியை, சவுதி அரசு கேட்டதும் அந்த நாட்டில் நெட்ஃபிளிக்ஸ் நீக்கியது. நிகழ்ச்சியே 2020-ல் முடிந்தது. ஜான் ஸ்டூவர்ட் ஆப்பிளில் நடத்திய நிகழ்ச்சி 2023-ல் நின்றபோது, சீனா, ஏஐ போன்ற தலைப்புகளில் நிறுவனத்தோடு உரசல் என்று செய்திகள் வந்தன. நமக்கே ஒரு அனுபவம் உண்டு. 2020 பிப்ரவரியில் ஜான் ஆலிவர் பிரதமர் மோடியை விமர்சித்த எபிசோடு, இந்தியாவில் ஹாட்ஸ்டாரில் வரவில்லை. யூடியூபில் தேடித்தான் பார்த்தோம். உரிமத்தைக் காட்டி டிவியை மிரட்டலாம். சந்தையைக் காட்டி ஓடிடி-யை மிரட்டலாம்.

தினசரி நிகழ்ச்சி ஓடிடி-க்குச் சரிப்பட்டு வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நல்ல தொடர் ஒன்றை ஐந்து வருடம் கழித்தும் பார்ப்பார்கள். நேற்றைய செய்தியை வைத்து எழுதிய ஜோக் நாளைக்கே பழசு. லைப்ரரியில் வைத்து விற்க முடியாத சரக்குக்கு 200 பேர் சம்பளத்தை யார் கொடுப்பார்கள்?

பழைய டிவியின் மற்ற தூண்களும் நகர்கின்றன. ஆஸ்கர் விழா 2028 வரைதான் ஏபிசி-யில்; 2029 முதல் யூடியூபில். அது போனாலும் விழா நடக்கும், நாமும் பார்ப்போம், நமக்கு இன்னும் வசதிகூட. அதிகாரத்தில் இருப்பவரை அன்றைக்கன்றே, தினமும், நன்றாக எழுதிக் கேலி செய்யும் வேலைக்கு அப்படி ஒரு புது வீடு கிடைக்கவில்லை. ஒரு ஆள், ஒரு ரிங் லைட், ஒரு சேனல் என்று பலர் முயல்கிறார்கள். சிலர் கெட்டிக்காரர்கள். வழக்கு என்று வந்தால் அவர்களுக்குப் பின்னால் நிற்க ஒரு சட்டத் துறை கிடையாது.

சிபிஎஸ்-ஸில் கோல்பேருக்கு அடுத்து, 12.37 மணிக்கு வந்த ‘ஆஃப்டர் மிட்நைட்’ 2025-லேயே முடிந்துவிட்டது. அந்த இடத்தில் அதே ஆண்டு செப்டம்பரில் பைரன் ஆலனின் ‘காமிக்ஸ் அன்லீஷ்ட்’ ஓடத் தொடங்கியது. அன்றைய அரசியலைத் தொடாத காமெடி என்பதால், எப்போது எடுத்ததை எப்போது வேண்டுமானாலும் போடலாம். தயாரிப்புச் செலவு நெட்வொர்க்குக்கு இல்லை. ஆலனே அந்த நேரத்தை வாடகைக்கு எடுத்து, விளம்பரத்தையும் தானே விற்றுக்கொள்கிறார். நம்மூர் சேனல்களில் காலை நேர ‘ஸ்லாட்’ எடுத்து நிகழ்ச்சி போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.