மின்தூக்கி அட்டை முடக்கம்: பாக்கி உரிமையாளருக்கு, தண்டனை வாடகைதாரருக்கு

செனாய் - ஜொகூர் பாருவில் ஓர் அடுக்குமாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்த காலம் அது. வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்குத் திரும்பினேன். மின்தூக்கிக்குள் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரியவில்லை. துடைத்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் கதவு மூடவில்லை.

பாதுகாவலர் நம்மவர்தான். ஒரு தடித்த புத்தகத்தை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க தம்பி, நான் மேல கொண்டு போய் விடுறேன். உங்க வீட்டு ஓனர் மெயிண்டனன்ஸ் கட்டல" என்றார். வாடகையில் நான் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் என் பெயர் கடன்காரர்களின் வரிசையில் ஏறியது.

அன்று நடந்தது சட்டத்துக்குப் புறம்பானது என்றே பல நாள் நினைத்திருந்தேன். சட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான் அது அப்படியே அதில் எழுதியிருப்பது தெரிந்தது.

செனாய் வாசகர்களுக்கு இது ஏன்?

செனாய் இன்றும் பெரும்பாலும் தரை வீடுகளின் ஊர்தான். ஆனால் நம் பிள்ளைகள் அப்படி இல்லை. படிப்புக்காகவும் வேலைக்காகவும் ஸ்கூடாய், ஜொகூர் பாரு அடுக்குமாடிகளில் வாடகைக்குப் போகிறார்கள். 2025 ஜனவரியில் ஒப்பந்தம் கண்ட ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் செனாய் - ஸ்கூடாய் ஒரு முதன்மைப் பகுதி. தொழிற்சாலைகள் வரும் இடத்துக்கு அடுக்குமாடிகளும் வரும். இப்போது கட்டப்படும் அடுக்குமாடிகளில் மின்தூக்கிக்கு அட்டையோ, கைப்பேசிச் செயலியோ, முக அடையாளமோ இருப்பது வழக்கமாகிவிட்டது.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண் உண்டு. மின்தூக்கிக்குள் இருக்கும் கருவி அந்த எண்ணைப் படித்து, பட்டியலோடு ஒப்பிட்டு, உங்கள் மாடிக்கான பொத்தானை மட்டும் இயங்க விடும். அலுவலகத்தில் கணினி முன் இருப்பவர் அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் அட்டை வெறும் பிளாஸ்டிக். முன்பெல்லாம் ஒருவரை வீட்டுக்குப் போகவிடாமல் தடுக்க வேண்டுமென்றால் பூட்டை மாற்ற வேண்டும், ஆள் நின்று மறிக்க வேண்டும். இன்று அதற்கு ஒரு நிமிடம் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் (சட்டம் 757) 2015இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் அதே ஆண்டு வந்த பராமரிப்பு, நிர்வாக விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் ஆறாவது துணைவிதி பாக்கிதாரர்களைப் பற்றியது.

பராமரிப்புக் கட்டணமோ சேமநிதிப் பங்கோ கட்டாத உரிமையாளருக்கு நிர்வாகம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்து 14 நாள்களில் கட்டாவிட்டால் அவர் பாக்கிதாரர். அதன்பிறகு அவருடைய பெயர், வீட்டு எண், தொகை ஆகியவற்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். மேற்கொண்டு முன்னறிவிப்பு இல்லாமலேயே அவருக்குக் கொடுத்த மின்காந்த அட்டை, டேக் போன்றவற்றை முடக்கலாம். பாக்கி முழுவதும் கட்டிய பின் மீண்டும் இயக்கக் கட்டணம் கேட்கலாம். ஆனால் அது 50 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது. முடக்கிய காலத்தில், உள்ளே வர அல்லது வெளியே போக உதவி தேவைப்படும்போதெல்லாம் பதிவேட்டில் கையெழுத்திடச் சொல்லலாம். எனக்கு நீட்டிய புத்தகம் அதுதான்.

சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது. பாக்கிதாரர் மீதான கட்டுப்பாடு அவருடைய குடும்பத்தினர், வாடகைதாரர், அந்த வீட்டில் குடியிருப்பவர் எல்லாரையும் சேரும் என்கிறது அதே துணைவிதி. அறிவிப்பு போவது உரிமையாளருக்கு. அட்டை முடங்குவது குடியிருப்பவருக்கு. உரிமையாளர் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பார். கடிதம் அவர் வீட்டு அஞ்சல் பெட்டியில் கிடக்கும். பதினேழாம் மாடிக்குப் போக முடியாமல் அரிசி மூட்டையோடு கீழே நிற்பவருக்கு அப்போதுதான் விஷயமே தெரியும்.

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் உண்டு

ஒன்றை மறுக்க முடியாது. மின்தூக்கி பழுதுபார்ப்பு, பாதுகாவலர், துப்புரவு, பொது விளக்கு எல்லாம் பராமரிப்புக் கட்டணத்தில்தான் ஓடுகின்றன. பலர் கட்டாமல் விட்டால், ஒழுங்காகக் கட்டுகிறவர்களின் பணத்தில் மற்றவர்கள் ஏறி இறங்குகிறார்கள். நான்கு மின்தூக்கியில் இரண்டு நின்றுபோன கட்டடங்களில் ஏறியவர்களுக்கு இது தெரியும். ஜே.எம்.பி. என்று நாம் சொல்லும் கூட்டு நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற குடியிருப்பாளர்கள். நீதிமன்றத்துக்கு அலைவதைவிட அட்டையை முடக்குவது அவர்களுக்கு எளிது.

ஆனால் சட்டம் வேறு வழிகளையும் தந்திருக்கிறது. அடுக்குமாடி நிர்வாக நடுவர்மன்றத்தில் 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைக் கொண்டுபோகலாம். கட்டட ஆணையர் வழியாகப் பாக்கிதாரரின் அசையும் சொத்தைக் கைப்பற்ற ஆணை பெறலாம். நியாயமான காரணமின்றிக் கட்டாமல் இருப்பது குற்றமும்கூட. அதற்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். இவையெல்லாம் கடன்பட்டவரைத் தேடிப் போகும் வழிகள். அட்டை முடக்கமோ கையில் அகப்பட்டவரைப் பிடிக்கும் வழி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். துணைவிதி அட்டையை முடக்க அனுமதிக்கிறது. வீட்டுக்குப் போவதைத் தடுக்க அல்ல. பதிவேடு வைக்கச் சொன்னதன் பொருளே, கேட்டால் உதவி கிடைக்க வேண்டும் என்பதுதான். நள்ளிரவில் பாதுகாவலர் இல்லாத முகப்பில், சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி காத்திருக்கும்படி ஆனால், அது அந்த விதியின் நோக்கத்தையே மீறியது என்பேன்.

பாதுகாப்பு உண்மையில் எவ்வளவு?

"திருடனுக்காகத்தான் அட்டை" என்பது பொதுவான பதில். பழைய கட்டடங்களில் இருக்கும் 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகள் தங்கள் எண்ணை எந்தக் கருவி கேட்டாலும் அப்படியே சொல்லிவிடும். சாவி நகல் எடுக்கும் கடையிலேயே இதற்கும் நகல் எடுக்கிறார்கள். அதைவிட உயர்ந்ததாகக் கருதப்பட்ட மைஃபேர் கிளாசிக் அட்டையின் மறைகுறியையும் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2008இலேயே உடைத்துக் காட்டினார்கள். ஆக, தெரிந்தே நுழைய நினைப்பவனை இது அதிகம் தடுப்பதில்லை. முக அடையாளத்துக்கு மாறினால் வேறு கேள்வி வரும். 2024இல் திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடற்கூற்று அடையாளங்களை நுண்ணிய தரவாக வகைப்படுத்துகிறது. அட்டையைத் தொலைத்தால் மாற்றலாம். முகத்தை மாற்ற முடியாது.

அட்டை அதிகம் தடுப்பது நம் உறவினர்களைத்தான். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருபவர்களை ஒவ்வொருவராகக் கீழே இறங்கி அழைத்து வர வேண்டும். ஒரு துக்க வீடு என்றால் ஒரு மணி நேரத்தில் நூறு பேர் வருவார்கள். எட்டாம் மாடிப் பிள்ளை பத்தாம் மாடித் தோழியோடு படிக்கப் போக முடியாது. அவள் அட்டைக்குப் பத்தாம் மாடி தெரியாது. எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் மின்தூக்கிக்கு அட்டை கிடையாது. யாரும் எந்த மாடிக்கும் போகலாம்.

செய்யக்கூடியவை

வீடு வாடகைக்கு எடுக்கும் முன் உரிமையாளரிடம் கடைசிப் பராமரிப்புக் கட்டண ரசீதைக் கேளுங்கள். அறிவிப்புப் பலகையில் அந்த வீட்டு எண் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: உரிமையாளரின் பாக்கியால் அட்டை முடங்கினால், வாடகைதாரர் அதைக் கட்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம். வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் பேச்சளவில் இருக்கும் நாட்டில், அந்த ஒரு வரிதான் உங்களுக்குக் காப்பு.

அட்டை முடங்கிவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 50 ரிங்கிட்டுக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். உதவி மறுக்கப்பட்டால் கட்டட ஆணையரிடம் புகார் செய்யுங்கள். செனாய்க்கு அது கூலாய் நகராண்மைக் கழகம். மற்ற இடங்களுக்கு அந்தந்த ஊராட்சி மன்றம். நடுவர்மன்றத்தை நேரடியாக நாடக்கூடியவர்களின் பட்டியலில் வாடகைதாரர் இல்லை. அக்கறையுள்ள தரப்பு என்று அதன் அனுமதி பெற்றே போக முடியும்.

நிர்வாகக் குழுவில் இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிவிப்பின் ஒரு நகலை அந்த வீட்டுக் கதவிலும் ஒட்டுங்கள். முதலில் கார் நிறுத்துமிடம், நீச்சல் குளம் ஆகியவற்றை நிறுத்துங்கள். மின்தூக்கி கடைசியாக இருக்கட்டும். முதியவரும் நோயாளியும் இருக்கும் வீடுகளை விட்டுவிடுங்கள். துக்க வீட்டுக்கும் பண்டிகைக்கும் சில மணி நேரம் அட்டை இல்லாமல் திறந்து விடுங்கள். கணினியில் அதற்கும் ஒரு நிமிடம்தான் ஆகும்.

என் உரிமையாளர் அடுத்த வாரமே பாக்கியைக் கட்டினார். பச்சை விளக்கு மறுபடி எரிந்தது. யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. பதிவேட்டில் என் கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.