ஈயத்தாள் சுற்றிய பியூஸ்



சென்ற ஆண்டு அக்டோபர் மாதச் செபமாலைப் பவனி தொடர்பாக என் கணக்கில் ஒரு கடன் நின்றது. அதைத் தீர்த்த விதத்தை இம்மாதம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் பங்கில் மாதாவின் சுரூபத்தை ஏற்றிவரப் பழைய வேன் ஒன்று உண்டு. கார்களில் பாட்டுக் கேட்பதற்கென விற்கப்படும் ஆம்ப்ளிபயர் ஒன்றை இளைஞர்கள் அதில் பொருத்தியிருந்தார்கள். அதனோடு இரண்டு ஸ்பீக்கர்கள். வேனின் 12 வோல்ட் பாட்டரியே போதுமாதலால் ஜெனரேட்டரின் இரைச்சலின்றிச் செபம் சொல்ல முடிந்தது. பல ஆண்டுகள் அது குறையின்றி உழைத்தது. சென்ற ஆண்டு, கடைசியில் நடந்து வருவோருக்குச் செபம் கேட்பதில்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்டேன். உடனே மேலும் இரண்டு ஸ்பீக்கர்களை வாங்கி, அதே கம்பிகளில் இணைத்துவிட்டார்கள். அலங்காரப் பட்டுத்துணியோ ஆம்ப்ளிபயரின் மேல் காற்றுப் புகாதபடி படர்ந்து கிடந்தது.

பவனியில் மூன்றாம் தேவ இரகசியம் நடந்துகொண்டிருக்கையில் ஒலி நின்றது. தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிலும் இளைஞன் ஒருவன்தான் அந்தக் கருவிக்குப் பொறுப்பு. அவன் ஓடிவந்து, "சாமி, பியூஸ் போய்விட்டது. மாற்றுப் பியூஸ் கையில் இல்லை. சற்று நிறுத்திக்கொள்ளலாமா?" என்று கேட்டான். நடுத்தெருவில் முன்னூறு பேர் மெழுகுவர்த்தியோடு நிற்கிறார்கள். "எப்படியாவது பாட வை, தம்பி" என்றேன். ஐந்து நிமிடத்தில் ஒலி திரும்பியது. எப்படித் திரும்பியது என்று நான் கேட்கவில்லை. அரைமணி நேரம் கழித்துக் கருகல் நாற்றம் வீசியது. பின்னர் கருவி அடியோடு ஊமையாயிற்று.

மறுநாள் இளைஞர் குழு முழுவதும் கூடியிருந்த வேளையில், பொறுப்பற்றவன் என்றும், பங்கின் பொருளை அழித்தவன் என்றும் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த மூன்று ஞாயிறுகளிலும் பாடகர் குழுவில் அவனைக் காணவில்லை.

குருமட நாட்களில் பழைய வானொலிப் பெட்டிகளைத் திறந்து பார்த்த பழக்கம் எனக்கு உண்டு. புதிய கருவி வாங்கும் செலவுக்கு அஞ்சி, ஒரு திங்கட்கிழமை மாலை ஆம்ப்ளிபயரைக் கழற்றிப் பங்கு இல்லத்தின் உணவு மேசைமேல் வைத்தேன். 30 ஆம்பியர் கொண்ட பச்சை நிறப் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் எரிந்த பியூஸே இருந்தது. அதைச் சுற்றிச் சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாள், பாதி உருகிய நிலையில் ஒட்டியிருந்தது. "எப்படியாவது" என்று நான் சொன்ன சொல் அப்போதுதான் என் காதில் விழுந்தது.

பியூஸ் என்பது என்ன? குறித்த அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால் தான் உருகி வழியை அடைத்துவிடும் மெல்லிய உலோகத் துண்டு. 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் 360 வாட். அதற்குமேல் இந்தக் கருவி தாங்காது என்று செய்தவன் எழுதிவைத்த எல்லை அது. ஈயத்தாளுக்கு அத்தகைய எல்லை ஏதுமில்லை. கார் பாட்டரியோ, குறுக்கு இணைப்பு நேர்ந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் கொட்ட வல்லது. போதாக்குறைக்கு, பாட்டரியிலிருந்து வரும் கம்பியில் தனிப் பியூஸ் எதையும் எவரும் வைத்திருக்கவில்லை. கம்பியின் மேலுறை சில இடங்களில் இளகியிருந்தது. அந்த வேனைச் சுற்றிச் சிறு பிள்ளைகள் பூக்கூடையோடு நடந்து வந்தார்கள் என்பதை எண்ணியபோது, என்னால் மேற்கொண்டு வேலை செய்ய இயலவில்லை.

அன்றிரவே அவன் வீட்டுக்குச் சென்றேன். "தவறு என்னுடையது, தம்பி. நிறுத்தலாமா என்று நீ கேட்டாய், நான் விடவில்லை" என்றேன். அவன் தாயார் விம்மினார்கள். "நானும் மாட்டியிருக்கக் கூடாது, சாமி. எனக்குத் தெரிந்தேதான் மாட்டினேன்" என்றான் அவன். எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டதை இருவர் மட்டும் அறியத் தீர்த்துக்கொள்வது நியாயமாகாது. அடுத்த ஞாயிறு அதே இளைஞர் குழுவின் முன் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் இருவருமாக அந்தக் கருவியைச் செப்பனிட்டோம்.

வீட்டில் இத்தகைய வேலையில் இறங்குவோருக்காக, நாங்கள் செய்ததைச் சுருங்கச் சொல்கிறேன். கருவி ஊமையானால் உடனே அதைத் திறக்க வேண்டாம். பெரும்பாலும் குறை வெளியிலேயே இருக்கும். பாட்டரியிலிருந்து வரும் கம்பி, வண்டியின் உடலில் முடுக்கிய எர்த் கம்பி, பாட்டுக் கருவியிலிருந்து வந்து ஆம்ப்ளிபயரை விழிக்கச் செய்யும் மெல்லிய ரிமோட் கம்பி ஆகிய மூன்றையும் முதலில் சோதிக்க வேண்டும். எர்த் கம்பி பெயிண்டின் மேல் அன்றி, சுரண்டிய வெறும் உலோகத்தின் மேல் அமர வேண்டும்.

குறை உள்ளேதான் என்றால், பாட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிய பின்னரே கருவியை எடுக்க வேண்டும். உள்ளிருக்கும் பெரிய கண்டன்சர்கள் சற்று நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். மல்டிமீட்டரால் அளந்து, அது வடிந்துவிட்டது என்று கண்ட பிறகே கைவைக்கலாம். பாட்டரியின் 12 வோல்ட் மட்டும் கொண்டு பெரிய ஒலியை எழுப்புவது அரிது. ஆகவே மாஸ்பெட் எனப்படும் டிரான்சிஸ்டர்கள் அந்த மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூட, வளைய வடிவமான டிரான்ஸ்பார்மர் ஒன்று அதை உயர்த்தித் தரும். உயர்ந்த மின்சாரத்தைப் பாட்டுக்கேற்ப ஸ்பீக்கருக்கு விடுபவை வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள். மல்டிமீட்டரை டையோடு அளவில் வைத்துத் தொட்டால், நல்ல மாஸ்பெட்டின் மின்பாதையில் ஒரு திசையில் அரை வோல்ட் அளவு காட்டும். மறு திசையில் ஒன்றும் காட்டாது. இரு திசையிலும் பூச்சியம் காட்டினால் அது செத்துவிட்டது என்று பொருள்.

எங்கள் கருவியில் இரண்டு வெளியீட்டு டிரான்சிஸ்டர்களும் நான்கு மாஸ்பெட்டுகளும் செத்திருந்தன; பலகையில் ஒரு செம்புத் தடமும் கருகியிருந்தது. இணையாக வேலை செய்யும் மாஸ்பெட்டுகளில் ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனம்போல் தோன்றும். ஆனால் நான்கையும் ஒரே வகையில் மாற்றுவதே முறை. ஒவ்வொன்றின் முதுகிலும் மைக்காத் தகடும் வெப்பப் பசையும் வைத்து, வெப்பத்தைக் கடத்தும் அலுமினிய உடலோடு இறுக்கினோம். முதன்முறை உயிர் கொடுக்கும்போது ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, பாசிட்டிவ் கம்பியின் நடுவே காரின் முகப்பு விளக்குக்குரிய 55 வாட் பல்பு ஒன்றைத் தொடராகப் பூட்டினோம். உள்ளே என்ன கோளாறு இருந்தாலும் அதன் வழியே ஐந்து ஆம்பியர்கூடப் பாயாது. பல்பு பளிச்சென எரிந்தபடியே நின்றது. அணைத்துவிட்டுத் தேடினோம். இரு கால்களுக்கிடையே ஒரு துளி ஈயம் பாலம்போல் ஒட்டியிருந்தது. அது நான் பற்றவைத்த இடம், அவன் சிரிக்கவில்லை. அதை நீக்கிய பின் பல்பு ஒருமுறை மின்னி மங்கியது. ஸ்பீக்கர் முனைகளில் நேர் மின்சாரம் ஏறத்தாழப் பூச்சியம் என்று அளந்து உறுதி செய்த பிறகே ஸ்பீக்கரைப் பூட்டினோம். இளைஞன் தன் கைபேசியிலிருந்து ஒரு மாதா பாடலைப் போட்டான்.

இனி நோயின் மூலத்தைப் பாருங்கள். பியூஸ் முதலில் எரிந்தபோது உள்ளே ஒன்றும் கெட்டிருக்கவில்லை. கெட்டிருந்தால் ஈயத்தாளோடு அரைமணி நேரம் பாடியிருக்காது. ஒவ்வொரு பக்கத்திலும் 4 ஓமுக்குக் குறைந்த சுமை கூடாது என்று கருவியின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தது. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகப் பூட்டினால் 2 ஓம் ஆகிவிடும். மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிக்கும். அந்தச் சுமை தாளாமல், பட்டுத்துணிக்குள் வெந்துகொண்டிருந்த கருவியைக் காப்பாற்றவே பியூஸ் தன்னைக் கொடுத்தது. கூடுதல் ஸ்பீக்கரைக் கழற்றி, சில ரூபாய்க்கு ஒரு புதிய பியூஸை வாங்கிப் போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அத்தனை ஆசைப்பட்டும் கிடைத்தது என்ன? காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் மின்திறன் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். இருமடங்கு திறன் தருவது வெறும் 3 டெசிபல். கடைசி வரிசைக்குக் கேட்க, இருந்த ஸ்பீக்கர்களில் ஒன்றைப் பின்புறமாகத் திருப்பி வைத்திருந்தாலே போதும்.

நம் இல்லங்களிலும் பியூஸ்கள் எரிகின்றன. கலகலப்பான மகள் நான்கு நாட்களாக வாய் திறவாதிருக்கிறாள். நாம் காரணம் கேட்காமல் புதிய கைபேசி வாங்கித் தருகிறோம். மனைவி அடிக்கடி தலைவலி என்கிறாள். ஒரு மாத்திரையை நீட்டிவிட்டு வேலைக்கு விரைகிறோம். இரவில் மனச்சான்று உறுத்துகிறது. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுகிறோம். இவையெல்லாம் ஈயத்தாள்கள். அரைமணி நேரம் பாடும், பிறகு கருகும். ஆன்ம சோதனை என்று திருச்சபை நமக்குக் கற்பிப்பது, எரிந்த பியூஸைக் கையில் எடுத்து, "இது ஏன் எரிந்தது?" என்று கேட்பதைப் போன்றதுதான்.

அப்படிக் கேட்கும்போது, பெற்றோரே, விரல் முதலில் பிள்ளையை நோக்கி நீளும். ஏதேன் தோட்டத்தில் ஆதாமின் விரலும் தன்னைவிட்டுப் பிறரையே சுட்டியது. ஈயத்தாளை மாட்டிய கை இளையது. ஆனால் "எப்படியாவது" என்று சொன்ன வாய் யாருடையது? "எப்படியாவது முதல் மதிப்பெண் வாங்கு", "எப்படியாவது பணம் கொண்டுவா" என்று நாம் சொல்லிவிட்டு, அவர்கள் மேற்கொண்ட வழியைக் கண்டு பிறகு அதிர்ச்சி அடைகிறோம்.

எங்கள் வேனில் இப்போது இரண்டே ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. பாட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் தனிப் பியூஸ் ஒன்றும் உண்டு. மாற்றுப் பியூஸ்களை ஒரு சிறு டப்பாவில் போட்டு ஓட்டுநர் இருக்கையின் அருகில் கட்டியிருக்கிறோம். கருவியின் பொறுப்பு மீண்டும் அந்த இளைஞனுக்கே. அவன் "சற்று நிறுத்தலாமா, சாமி?" என்று கேட்டால் பவனி நிற்கும் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒலி இல்லாத அந்த ஐந்து நிமிடமும் அருள்நிறை மந்திரத்தை வாயாலேயே சொல்லலாம்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களைக் காத்து ஆசீர்வதிப்பாராக.