கூலிக்குக் கிடைக்காத கண்

வீட்டு வேலைகளைச் சொந்தக் கையால் செய்வதா, தொழிலாளியைக் கூப்பிட்டுச் செய்வதா என்று கேட்டால், நம்மவர்கள் உடனே பென்சிலை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்து விடுகிறார்கள். சாமான் இவ்வளவு, கூலி இவ்வளவு, நாமே செய்தால் மிச்சம் இவ்வளவு. கணக்கு முடிந்ததும் தீர்ப்பும் முடிந்து போகிறது. இந்தக் கணக்கே தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூட்டலிலே தப்பில்லை, கேள்வியிலே தப்பு.

எங்கள் பொம்மையார்பாளையத்தில் இந்தக் கேள்வி வாரம் ஒரு முறை எழும். புதுச்சேரிக்கு வடக்கே கடலை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் மீனவர் குடியிருப்பு. இன்னொரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு முளைத்த மாடி வீடுகள். வடக்கே மரக்காணத்தில் பாடுபட்டுப் பாத்தி கட்டி விளைவிக்கிற உப்பு, இங்கே யாரும் பாத்தி கட்டாமலே சுவர்களில் விளைகிறது. ஜன்னல் கம்பி, கேட்டுக் கீல், மாடித் தளத்துக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி எல்லாவற்றையும் கடற்காற்று சத்தமில்லாமல் தின்று கொண்டிருக்கிறது. இங்கே வீடு கட்டியவன் ரிப்பேரோடு குடித்தனம் நடத்தத்தான் வேண்டும்.

இந்த ரிப்பேர் விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று கைப்பேசிக் கட்சி. பத்து நிமிஷப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, “இதற்குப் போயா ஆளுக்குக் கூலி கொடுப்பது?” என்று ஸ்குரூ டிரைவரோடு கிளம்புகிறவர்கள். மற்றொன்று ‘பேசி விட்டாச்சு’ கட்சி. காண்ட்ராக்டரிடம் ஒரு தொகை பேசிவிட்டால் வீடு தானே எழும்பி நிற்கும் என்று நம்பி, கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கிறவர்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பரிகசித்துக் கொள்கிறார்கள். ஆனால் இருவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்: தன் வேலை எது, தொழிலாளியின் வேலை எது என்று பிரித்துப் பார்க்கவில்லை.

பிரித்துப் பார்க்கத் தெரிந்த மனிதர் வெகு தூரத்தில் இல்லை. சாயங்காலம் கடற்கரையில் போய்ப் பாருங்கள். மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, கிழிந்த வலையைக் கண் கண்ணாகத் தாமே சரிசெய்து கொண்டிருப்பார். அதே மனிதர் படகின் என்ஜின் முரண்டு பிடித்தால் மெக்கானிக்கிடம் தூக்கிக் கொண்டு போகிறார். வலையைச் சரிபார்க்க ஆள் கிடைக்காமலா தாமே செய்கிறார்? அந்த வலை எங்கே நைந்திருக்கிறது, எந்தப் பாரில் மாட்டிக் கிழிந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். என்ஜினின் உள்ளே நடப்பது வேறொருவரின் படிப்பு. நடுக்கடலில் அது நின்றால் போவது கூலிக் காசல்ல, உயிர். மாடி வீட்டுக்காரருக்கு இல்லாத தெளிவு மணலில் உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கிறது.

நாம் செய்வதெல்லாம் தலைகீழ்ப் பாடம். எது நம் கையில் இருக்க வேண்டுமோ அதைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். எதைக் கொடுக்க வேண்டுமோ அதைப் பிடித்து வைத்துக் கொள்கிறோம்.

முதலில் கொடுத்துவிடுவதைச் சொல்கிறேன். கடலோரத்தில் கான்கிரீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பவை மூன்று சின்ன சங்கதிகள். ஒன்று, கலவைக்கு ஊற்றும் தண்ணீர். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் அது கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது என்பது இந்தியத் தர விதி 456ன் கட்டளை. இந்தக் கரையில் போர்த் தண்ணீர் அந்த அளவைத் தாண்டுவது அபூர்வமல்ல. நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாலே கரிப்புத் தெரிந்துவிடும். சந்தேகமானால் ஒரு புட்டித் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். இரண்டு, கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவிலுள்ள கனம். கடற்காற்றுக்குத் திறந்திருக்கும் கான்கிரீட்டில் அது 45 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது அதே விதி. கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை மறந்துவிட்டால் கம்பி பலகையோடு பலகையாகப் படுத்துவிடும். பிறகு உப்பு உள்ளே புகுந்து, துரு பல மடங்கு பருத்து, கூரை பாளம் பாளமாக உதிர்கிறது. மூன்று, தளம் போட்ட பிறகு விடும் தண்ணீர். சாதாரண சிமென்டுக்கு 7 நாள். இன்று கடையில் பெரும்பாலும் கிடைக்கும் கலப்புச் சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள். வெயில் காலத்தில் 14 நாள் ஈரம் காயக் கூடாது.

இந்த மூன்றில் எதற்காவது பட்டம் வேண்டுமா? நாக்கு, அளவுகோல், வாளி: இவ்வளவுதான் ஆயுதங்கள். மேல்தளத்தில் உப்பளத்துப் பாத்தி மாதிரி வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டு, காலையிலும் மாலையிலும் ஏறிப் பார்த்தால் போதும். இதைத்தான் நாம் செய்வதில்லை. “அதையெல்லாம் சித்தாள் பார்த்துக் கொள்வாள்” என்கிறோம். அந்த அம்மாள் மூன்றாம் நாள் வேறு வேலைக்குப் போய்விடுகிறாள். போகாமல் என்ன செய்வாள், அவளுக்கு அன்றாடக் கூலியில்லையா? தளம் வெயிலில் காய்கிறது. பத்து வருஷம் கழித்துக் காரை பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழும்போது, “அந்தக் காலத்துக் கொத்தனார்போல இப்போது யார் இருக்கிறார்கள்?” என்று பெருமூச்சு விடுகிறோம்!

இனி, பிடித்து வைத்துக் கொள்வதைப் பாருங்கள். மின்சாரம். 2011ல் தானே புயல் வந்தது. 2024ல் ஃபெஞ்சல் வந்து ஒரே நாளில் ஊரை மிதக்க விட்டது. புயல் போன மறுநாள், நனைந்த சுவரில் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து தானே குடைகிற வீரர்களை ஊருக்கு ஊர் காணலாம். தண்ணீரில் நின்றபடி மோட்டாரின் ஒயரைப் பல்லால் கடித்து இணைக்கிற சூரர்களும் உண்டு. கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் இணைப்பைத் துண்டிக்கிற கருவி இருக்கிறது. அதை மாட்டவும், நில இணைப்பைச் சோதிக்கவும் உரிமம் பெற்ற வயர்மேன் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டால் கூலி கேட்பாராம். கேட்கத்தானே செய்வார்? அவர் வாங்குவது அரை மணி நேரத்துக்கான காசல்ல. எந்த ஒயரைத் தொடக் கூடாது என்று கற்றுக் கொண்ட வருஷங்களுக்கான காசு.

இந்தத் தலைகீழ்ப் பாடம் எங்கிருந்து வந்தது? சிக்கனத்திலிருந்து வரவில்லை. வாளி தூக்குவதும் மண் அள்ளுவதும் கீழான வேலை என்று நம் ரத்தத்தில் ஊறிப் போன ஜாதிப் புத்தியிலிருந்து வந்தது. கையில் அழுக்குப்படுகிற வேலையை யாரோ ஒருவர் செய்ய வேண்டும். மூளை வேலை என்று தோன்றுவதைத் தாம் செய்ய வேண்டும். ஒயரைத் தொட்டால் ‘விஞ்ஞானி’. வாளியைத் தொட்டால் ‘சித்தாள்’. அதே புத்திதான் கொத்தனாரிடம் இருநூறு ரூபாய்க்கு ஒரு மணி நேரம் வாதாட வைக்கிறது. ஓட்டலில் அதே இருநூறு ரூபாயைக் கேள்வி கேட்காமல் வைத்துவிட்டு வரவும் வைக்கிறது.

“காந்தியடிகள் எல்லா வேலையையும் தாமே செய்துகொள்ளச் சொல்லவில்லையா?” என்று கைப்பேசிக் கட்சியினர் கேட்கலாம். கேட்பதற்கு முன்னால் அவர் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தைப் பற்றி எழுதியதைக் கொஞ்சம் படித்திருக்கலாம். 1910ல் ஜோஹன்னஸ்பர்க்கை அடுத்து, காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார்கள். தமிழர்களும் குடியிருந்த பண்ணை அது. வீடு கட்ட வேண்டி வந்தபோது என்ன செய்தார்கள்? காலன்பாக் தாமே கட்டடக் கலைஞர், திட்டம் அவருடையது. கொத்து வேலைக்கு ஒரு ஐரோப்பியக் கொத்தனார் வந்தார். மர வேலைக்கு ஒரு குஜராத்தித் தச்சர் வந்து, வேறு தச்சர்களையும் அழைத்து வந்தார். தேர்ச்சி தேவைப்படாத சுமை வேலை முழுவதையும் பண்ணைவாசிகளே செய்தார்கள். சுயஉழைப்பை மதமாகக் கொண்ட மனிதர்கூடச் சுவரின் தூக்குக்குண்டைத் தம் கையில் எடுத்துக் கொள்ளவில்லை. மண் சட்டியைத்தான் எடுத்தார். நாம் எடுப்பது தூக்குக்குண்டு. வேண்டாம் என்பது மண் சட்டி!

‘பேசி விட்டாச்சு’ கட்சியாருக்கும் ஒரு பதில் இருக்கிறது. அது இதே வங்காள விரிகுடாக் கரையில் கிடைக்கிறது. 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்த பிறகு, இந்தக் கரை நெடுக மீனவர்களுக்கு வீடுகள் எழும்பின. பல ஊர்களில் ஒப்பந்தக்காரர்களே கட்டிச் சாவியைக் கொடுத்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றில் நிழல் மரங்களை வெட்டி நிலத்தைச் சமன் செய்து, ஒரே அச்சில் கான்கிரீட் பெட்டிகளை அடுக்கினார்கள். வலையை எங்கே உலர்த்துவது, அடுப்பை எங்கே மூட்டுவது என்று குடியிருக்கப் போகிறவர்களைக் கேட்டவர் குறைவு. அதற்கு ஏறக்குறைய நான்கு வருஷங்களுக்கு முன், 2001 ஜனவரி 26ல் குஜராத்தில் பூகம்பம் வந்தது. அங்கே பெரும்பாலும் வீட்டுக்காரரிடமே பணத்தைத் தவணை தவணையாகக் கொடுத்தார்கள். கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பொறியாளர் வந்து பார்த்த பிறகே அடுத்த தவணை. சுமார் 2 லட்சம் வீடுகள் அப்படி எழுந்தன. குஜராத்திக்காரர் எல்லாரும் கொத்து வேலை தெரிந்தவர்களா? இல்லை. கை கொத்தனாருடையது, கணக்கு பொறியாளருடையது, கண் வீட்டுக்காரருடையது. மூன்றும் தத்தம் இடத்தில் இருந்தன.

ஏழைகளுக்கு வீடு கட்டும் மத்திய அரசின் கிராமத் திட்டத்திலும், ஒப்பந்தக்காரரை அமர்த்தக் கூடாது, பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் விடியற்காலையில் மீன் கூடையோடு கிளம்பி மாலையில் திரும்புகிற விதவைத் தாய் எப்போது நின்று கட்டுவாள்? அவளுக்கு நான் உபதேசம் செய்ய வரவில்லை. அவள் கண்ணுக்குப் பதிலாக நிற்க வேண்டியது ஊராட்சியின் கண், பொறியாளரின் கண். நேரமும் வசதியும் இருந்தும் தன் வீட்டு மேல்தளத்தில் ஒரு நாள்கூட ஏறிப் பார்க்காத கனவானிடம்தான் எனக்குச் சண்டை.

“எனக்கு வேலை தெரியாதே, நின்று பார்த்து என்ன பயன்?” என்பார் அவர். ஐயா, சமைக்கத் தெரியாதவருக்கும் உப்புக் குறைந்தால் தெரிகிறதல்லவா? கொத்தனாருக்கு வித்தை சொல்லித் தர வேண்டாம், அது அதிகப்பிரசங்கித்தனம். மரியாதையாக, “மேஸ்திரி, இது எதற்கு?” என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் கேள்விக்குக் கோபித்துக் கொள்ள மாட்டார், மகிழ்ந்து போவார். கோபித்துக் கொள்கிறவரைப் பற்றி அப்போதே ஒரு சங்கதி தெரிந்துவிடும். அந்தத் தகவலுக்கும் காசு கிடையாது.

கடைசியாக, இந்த இரண்டு கட்டுக்கும் அடங்காத வேலை ஒன்று உண்டு. கழிவுநீர்த் தொட்டி. அதில் நாமும் இறங்கக் கூடாது. கூலி கொடுத்து இன்னொருவரையும் இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கவசமும் முன்னேற்பாடும் இல்லாமல் ஒரு மனிதரை அதில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி இறங்கிச் சாகிறவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உறிஞ்சும் லாரியைக் கூப்பிட்டால் செலவு கூடும் என்று, “யாராவது ஆள் இருந்தால் சொல்லப்பா” என்று டீக்கடையில் விசாரிக்கிற கனவானின் பென்சில் கணக்கில் அந்த ஆளின் மூச்சுக்கு என்ன விலை போட்டிருக்கிறது? உள்ளே இருக்கும் விஷவாயு கணக்குக் கேட்பதில்லை. முதலில் இறங்கியவரைத் தூக்கப் போனவரையும் சேர்த்தே எடுத்துக் கொள்கிறது.

ஆகவே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த வேலை தவறினால் உயிர் போகுமா? போகுமென்றால், கற்றவரைக் கூப்பிட்டுக் கேட்ட கூலியைக் கொடுங்கள். கற்றவர் உயிருக்கே ஆபத்தென்றால், இயந்திரத்தைக் கூப்பிடுங்கள். வேண்டியது பொறுமையும் கவனமும்தான் என்றால், வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு வாளியைத் தூக்குங்கள். கையைக் கூலிக்கு வாங்கலாம், வித்தையையும் வாங்கலாம். இது என் வீடு என்று பார்க்கிற கண் எந்தச் சந்தையிலும் விற்பதில்லை. அது இல்லாத வீட்டில் உப்புக்குத்தான் சொந்தம் அதிகம்.