அச்சம் சுருக்கும் வாழ்வு

அச்சம் இயற்கை நமக்கு அளித்த காவலாளி. பாம்பைக் கண்டதும் காலைப் பின்னிழுப்பவன் அவனே. ஆனால், காவலாளியே வீட்டுக்காரரைச் சிறை வைத்துவிட்டால் என் செய்வது? அந்நிலையையே வைத்தியர்கள் பதகளிப்பு நோய் என்கின்றனர்.

தக்க காரணமின்றியே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், மூச்சு முட்டும், இரவில் உறக்கம் வாராது. நோயாளர் இழப்பது உறக்கத்தை மட்டுமன்று. ஒருநாள் பேருந்தில் நெஞ்சு படபடத்தவர் மறுநாள் பேருந்தைத் தவிர்ப்பார். பின்னர் சந்தையை, கலியாண வீட்டை, நல்லூர்த் திருவிழாவைத் தவிர்ப்பார். ஈற்றில் படலைக்கு அப்பால் செல்வதையே கைவிடுவார். உடலில் ஊனம் இல்லை. ஆயினும் உலகம் ஒரு வளவுக்குள் அடங்கிவிடுகிறது.

இஃது எங்கோ ஒருவருக்கு வரும் நோயென எண்ணற்க. போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. ஆராயப்பட்டோருள் 32.6 வீதமானோரிடம் பதகளிப்பின் குறிகள் காணப்பட்டன. அப்போதும் இடம்பெயர்ந்து வாழ்ந்தோரிடையே அது 48.5 வீதமாக இருந்தது.

வீட்டார் அன்பினால் ஒன்று செய்வர். "பாவம், அவ இருக்கட்டும்" என்று, நோயாளர் அஞ்சும் வேலைகளையெல்லாம் தாமே செய்து முடிப்பர். அப்போதைக்கு ஆறுதல் கிட்டும், அச்சமோ வேரூன்றும். விலக விலக வளர்வதே இந்நோயின் இயல்பு.

முதலில் வைத்தியரிடம் காட்டுக. இதய நோயும் தைரொயிட் சுரப்பியின் மிகைச் சுரப்பும் இதே குறிகளைத் தரலாம். அவை இல்லையெனின், மனநல வைத்தியரை நாட வெட்கம் வேண்டா. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் அதற்கான பிரிவுகள் உள்ளன. "ஊரார் அறிந்தால் பிள்ளையின் சம்பந்தம் குழம்பும்" என்று மறைப்பதால் நோய் முற்றுமேயன்றி மறையாது.

உளவளச் சிகிச்சையாலும், வேண்டியபோது மருந்தாலும் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும், அதற்குள் நிறுத்திவிடலாகாது. வைத்தியரைக் கேளாமல் உறக்கக் குளிசைகளைப் பழக்கமாக்குவதும் தீது.

நோயாளரின் வேலையை அவருக்காகச் செய்யாது, அவரோடு சேர்ந்து செய்யுங்கள். இன்று படலை வரை, அடுத்த கிழமை ஒழுங்கை முடக்கு வரை, பின்னர் சந்தை வரை உடன் நடந்து செல்லுங்கள். அவசரம் வேண்டா, ஏளனமும் வேண்டா.