மூடாத மடை

யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டத்தில், கிணற்று நீர் வாய்க்கால்வழியே வரும்போது கமக்காரன் பாத்தியின் மடையைத் திறப்பான். நிறைந்ததும் மண்ணை அணைத்து மூடுவான். மூடத் தவறின், வாழ்விக்க வந்த நீரே பயிரை அழுகச் செய்துவிடும்.

நமது உடலின் கலங்களிலும் இத்தகைய மடையொன்று உண்டு. பதினோராவது நிறமூர்த்தத்திலுள்ள ‘எச்-ராஸ்’ என்னும் பரம்பரையலகு, 189 அமினோ அமிலங்களாலான சிறு புரதமொன்றை ஆக்குகின்றது. கலமென்சவ்வின் உட்புறத்தே ஒட்டிநிற்கும் இப்புரதம், ‘வளர்க, பிரிக’ எனப் புறத்தேயிருந்து வரும் ஆணையை உள்ளே கடத்தும். ஜீ.ரீ.பீ. என்னும் மூலக்கூற்றைப் பற்றியதும் மடை திறக்கும். அம்மூலக்கூற்றின் பொசுபேற்று ஒன்றை வெட்டியதும் மடை மூடும்.

1982ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் மனிதரின் சலப்பைப் புற்றுநோய்க் கலங்களை ஆராய்ந்தபோது, இப்பரம்பரையலகில் ஓரெழுத்து மாறியிருக்கக் கண்டனர். புரதத்தின் பன்னிரண்டாம் இடத்தில் கிளைசீன் போய் வலீன் வந்திருந்தது. அவ்வளவே! ஆயினும் வெட்டும் ஆற்றல் குன்றியது. மடை திறந்தபடியே நின்றது. இவ்வொன்றினாலேயே புற்று முற்றிவிடுவதில்லை. வேறு கேடுகளும் சேரல் வேண்டும்.

இச்செய்தி நமது வெற்றிலைத் தட்டையும் தொடுகின்றது. புகையிலை மெல்லுவோரின் வாய்ப் புற்றுக்களை ஆராய்ந்த பம்பாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கில் எச்-ராஸ் விகாரத்தைக் கண்டதாக 1991இல் அறிவித்தனர். மேனாட்டாரின் வாய்ப் புற்றுக்களில் இது அரிது. புகையிலையை மட்டும் விலக்கினாற் போதாது. பாக்குத் தனித்தே புற்றுநோயை விளைக்கும் எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூல் கூறுகின்றது.

‘பரம்பரை நோயோ? பிள்ளைகளின் கலியாணம் குழம்புமோ?’ என்றஞ்சி நோயை மறைப்போர் நம்மிடையே உளர். அவ்வச்சம் வேண்டா. இவ்விகாரம் மெல்லுபவரின் வாய்க் கலத்திற் பின்னாளில் தோன்றுவது. பெற்றோரிடமிருந்து வந்ததுமன்று, பிள்ளைகளுக்குச் செல்வதுமன்று. பிள்ளைகளுக்குச் செல்லக்கூடியது வெற்றிலை போடும் பழக்கமே.

மறைப்பதனால் இழப்பது காலம். தொடக்கத்திற் கண்டால் சத்திரசிகிச்சையாற் குணமாகும் வாய்ப்பு மிகுதி. தெல்லிப்பழையில் 2013இல் திறக்கப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலையும் நமக்கு அண்மையில் உள்ளது.

மாணவர்களே! உங்கள் அப்புவோ ஆச்சியோ வெற்றிலை போடுபவராயின், அவர் வாயில் வெள்ளைப் படையோ செம்படையோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ உண்டாவென்று இன்றே பாருங்கள். வாயைத் திறக்க வருந்துகின்றாரா என்றும் கேளுங்கள். ‘நோவில்லையே, மோனை’ என்பார். அச்சொல்லை நம்பி இருந்துவிடாது, வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.