திருச்சி சீட்டுக்கு சிங்கப்பூர் கேள்வி கேட்டது! நம்ம பக்கம் கேட்க ஆள் எங்கே?



திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவர் உங்க வீட்டிலோ, தெருவிலோ ஒருத்தராவது இருப்பார். அவருக்காக இந்தப் பதிவைப் பொறுமையாப் படிங்க.

ஏர் இந்தியாவும் விஸ்தாராவும் இணையப்போவதாக 2022 நவம்பரில் அறிவிப்பு வந்தது. இணைப்பு முடிந்தது 2024 நவம்பர் 12-ல். நடுவில் இரண்டு வருஷம் என்ன நடந்தது?

இந்தியப் போட்டி ஆணையம், நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம், அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசின் ஒப்புதல், சிங்கப்பூரின் போட்டி ஆணையம் என்று வாசல் வாசலாக அனுமதி வாங்கினார்கள். இதற்கெல்லாம் வழிகாட்டுவது பெரிய பெரிய வழக்கறிஞர்கள். எந்தத் தடத்தில் இரண்டு கம்பெனிக்கும் போட்டி, இணைந்தால் டிக்கெட் விலை ஏறுமா என்ற கேள்விக்கெல்லாம் பதில் தயாரிப்பார்கள். ஆணையம் சந்தேகப்பட்டால், "இந்த உறுதிமொழி தர்றோம்" என்று பேசி முடிப்பார்கள். அது அவங்க தொழில். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனா, பயணிக்கு வக்கீல் யார்?

சிங்கப்பூர் என்ன செய்தது பாருங்க. டெல்லி, மும்பை, சென்னை, திருச்சி ஆகிய நான்கு தடங்களில் போட்டி குறையும் என்று கவலைப்பட்டது. கம்பெனிகள் தர முன்வந்த உறுதிமொழியைப் பொதுமக்கள் முன்வைத்துக் கருத்துக் கேட்டது. கொரோனாவுக்கு முன்பிருந்த அளவுக்கு இருக்கைகள் இருக்கணும், அதைத் தனித் தணிக்கையாளர் கண்காணிக்கணும் என்ற நிபந்தனையோடுதான் 2024 மார்ச்சில் அனுமதி தந்தது.

நம்ம ஆணையமும் சும்மா இருக்கவில்லை. 2023-ல் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. கம்பெனிகளின் உறுதிமொழியை ஏற்று செப்டம்பரில் அனுமதித்தது. ஆனால் நம் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கு. விசாரணை இரண்டாம் கட்டத்துக்குப் போனால்தான் பொது அறிவிப்பு வெளியிட்டு மக்களின் ஆட்சேபம் கேட்கும் நடைமுறை வரும். முதல் கட்டத்திலேயே உறுதிமொழி வாங்கி முடித்துவிட்டால், நமக்கு அந்தக் கதவு திறக்காது.

இன்று உள்நாட்டில் பறப்பவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் இரண்டே குழுமங்களின் விமானத்தில்தான் போறாங்க. இந்த நிலையில் நாம் கேட்பது மூன்றுதான்:

✊ உறுதிமொழியை ஏற்கும் முன், எந்தக் கட்டமானாலும் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும்.

✊ ஒவ்வொரு தடத்திலும் எத்தனை இருக்கைகள் என்ற கணக்கை வருஷாவருஷம், தமிழிலும் வெளியிட வேண்டும்.

✊ பயணிகள் சார்பில் வாதாட, அரசு செலவில் ஒரு வழக்கறிஞர் வேண்டும்.

கம்பெனிகள் இணையட்டும், லாபம் பார்க்கட்டும். ஆனா பொங்கலுக்கு ஊருக்கு வர்ற தொழிலாளியின் டிக்கெட் விலையைப் பற்றிப் பேசும்போது, அந்த அறையில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்க.

சரின்னு பட்டால் பகிருங்க. உங்க தொகுதி எம்.பி.யையும் டேக் பண்ணுங்க.

#பயணிக்கும்_வக்கீல்_வேண்டும்